பீடத்துக்கு மேலே ஒரு முகம்

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இந்தக் கண்ணுதானா?" என்று கேட்டார் ஓவியர்.

"இதேதான் சார். இன்னும் கொஞ்சம் இரக்கமா இருந்துச்சு," என்றாள் பேப்பர்காரரின் மனைவி.

காவல் நிலையத்தின் பின்னறை. அன்று விடியற்காலையில் பேப்பர் போடப் போன அவள் கணவனை ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் ஆள் இன்னும் கண் திறக்கவில்லை. சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போன இவள் மட்டும் சிராய்ப்போடு தப்பித்திருந்தாள். வேன் நம்பர் தெரியாது. ஓட்டியவன் முகத்தைப் பார்த்தது இவள் ஒருத்திதான். அவள் சொல்லச் சொல்ல ஓவியர் வரைந்துகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ஏம்மா, இது எங்க கோயில்ல பீடத்துக்கு மேல இருக்கிற இயேசு படம். யாரைக் காப்பாத்தப் பார்க்கிற?"

"நான் ஏன் சார் காப்பாத்தணும்? அங்க கிடக்கிறது என் புருஷன்."

"யாராவது மிரட்டினாங்களா?"

"பொய்யுன்னு சொல்ல வேண்டாம் சார்," என்று ஓவியர் குறுக்கிட்டார். "பயத்துல கடவுளைக் கூப்பிட்டிருப்பாங்க. கும்பிடுற முகம் மனசுல வந்து நின்னிருக்கும். அதையே அவன் முகம்னு நினைச்சுக்கிட்டாங்க. இதை நம்பி ஒருத்தனைத் தேட முடியாது."

சொல்லிக்கொண்டே தாளைக் கிழிக்கப் போனார். அவள் கை குறுக்கே வந்து விழுந்தது.

"கிழிக்காதீங்க சார். எங்க ஜெபவீட்டுல படமே கிடையாது. கண்ணை மூடினா மனசுலகூட ஒரு உருவம் வரக்கூடாதுன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தாங்க. என் கடவுளுக்கு முகமே இல்லை. உங்க கோயிலுக்குள்ள நான் கால் வச்சதும் இல்லை."

"எங்கேயாவது காலண்டர்ல பார்த்திருப்பீங்க," என்றார் ஓவியர்.

"காலண்டர் முகம் வேற சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த மூக்கு, இந்தத் தாடை, எல்லாம் எங்க கோயில் படம் அப்படியே. சரி, அடிச்சுப் போட்டவன் முகத்துல இரக்கம் எங்கேருந்தும்மா வந்தது?"

"வண்டியை விட்டு இறங்கி வந்தாரு சார். இவர் தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. துண்டைக் கிழிச்சுக் கட்டுப் போட்டாரு. அழுதாரு. ஆளுங்க வர்ற சத்தம் கேட்டதும் ஓடிட்டாரு."

"அடிச்சவனுக்கு மரியாதை வேற." இன்ஸ்பெக்டரின் கண்கள் இடுங்கின. "எங்க படத்துல இல்லாத ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு அவன் முகத்துல சொல்லு. நம்புறேன்."

"போதும் சார், பாவம், அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்," என்று ஓவியர் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க. சொல்லும்மா."

அவள் கண்ணை மூடினாள்.

"இவரைத் தூக்கக் குனிஞ்சப்ப முடி விலகிச்சு. நெத்தி ஓரத்துல, பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது.

"படத்துல தழும்பு கிடையாது. போடுங்க சார் அதை."

ஓவியரின் பென்சில் தாளைத் தொடவில்லை.

படத்தில் தழும்பு இல்லைதான். சில வருஷங்களுக்கு முன்பு சொந்தத் தம்பியை எதிரே உட்காரவைத்து அந்த இயேசுவை வரைந்தபோது, கடவுளுக்குத் தழும்பு எதற்கு என்று அவர்தான் அதை விட்டுவிட்டார்.