தாளில் இருந்த மற்றவன்

எனக்கு ஆண்டு சரியாக நினைவில்லை. டிசம்பர் கடைசி வாரம். புத்தாண்டு வாணவெடி ஏற்றும் சாரதிகளுக்கு ஓய்வுநேர விதியில் அப்போது விலக்கு இருந்தது. கண்ணயர்ந்தால் வெடியோடு தானும் போய்விட நேரும் என்ற பயத்துடனேயே கஜரூபன் பதின்மூன்று மணிநேரம் தனியாக ஓட்டி, டென்மார்க்கின் ஸ்கீவ நகரக் களஞ்சியத்துக்கு வந்து இறங்கினான்.

மேலாளர் சீவரத்தினம், எந்தச் சாரதி ஓட்டினான், எவன் ஓய்வெடுத்தான் என்று லொறிக் கருவி தானே பதியும் நேரப்பதிவுத் தாளைப் பார்த்தார்.

"அல்பர்ட்ஸ்லுண்டில இருந்து நீ நித்திரையாம். மற்றவன்தான் ஓடியிருக்கிறான்."

"எந்த மற்றவன் அண்ணை? நான் தனியத்தானே வந்தனான்."

"அப்ப ஆரடா ஓடினது, பேயோ?"

கஜரூபன் சிரிக்கவில்லை. அந்த வழியில் கடந்த நீண்ட கடற்பாலம்கூட அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. திரும்பி லொறியைப் பார்த்தான். அவன் இறங்கிவந்த கதவு இன்னும் திறந்தே கிடந்தது. அது சாரதி பக்கத்துக் கதவு அல்ல.

வெடிகள் கடைகளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. சீவரத்தினம் ஓய்வு பெற்றுவிட்டார். கஜரூபன் இப்போது முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறான்; பேருந்தில் போய்வருகிறான்.