காலையில் ரெண்டு, சாயங்காலம் ரெண்டு

“நாலு படத்துல ரெண்டைக் காலைல எடுத்துட்டு, மீதி ரெண்டைச் சாயங்காலம் எடுத்தா ஒட்டுமாம்மா?”

பெரியவர் கேட்டதும், பில் போடுகிறவன் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தக் கேமராக் கடையில் லென்ஸ் பிரிவைக் கவனிக்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே வாரத்தில் இந்த மனிதர் கடைக்கு வருவது மூன்றாவது தடவை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவை எப்படிப் பிடிப்பது என்றே இப்போதுதான் பழகியிருக்கிறார். அதற்குள், பாதி அறையையே ஒரு படத்தில் அள்ளிவிடும் ஃபிஷ்ஐ லென்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

“சார், முக்காலி ஸ்டாண்டுல கேமராவ வச்சு, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி எடுக்கறோம். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டி ஒரே படமாக்கறோம். மளமளன்னு எடுத்தாத்தான் நல்லா வரும். அரை நாள் கழிச்சு எடுத்தா வெளிச்சமே மாறிடும்.”

“ஜன்னலையெல்லாம் சாத்திட்டு டியூப்லைட் போட்டுட்டா?”

“அப்படி யார் சார் எடுப்பாங்க?”

“ஒட்டுமா, ஒட்டாதா? அதச் சொல்லும்மா.”

“ஒட்டும். ஆனா அதுவரைக்கும் முக்காலிய யாரும் அசைக்கக் கூடாது.”

“அசைக்க மாட்டாங்க,” என்றார், சத்தியம் செய்வதுபோல.

அவள் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தாள்.

“இதுல படம் தட்டு மாதிரி வட்டமா விழும். சுத்தி கறுப்பா இருக்கும். இது அப்படியில்ல, படம் முழுக்க நிறையும். புதுசா பழகறவங்களுக்கு இதுதான் லேசு. ஆனா ஒண்ணு, நேரா இருக்கற சுவர்கூட வில்லு மாதிரி வளைஞ்சு தெரியும்.”

“எங்க வீட்ல எதும்மா நேரா இருக்கு? வளையட்டும்.”

“அப்படி என்னதான் சார் எடுக்கப் போறீங்க?”

“எங்க வீட்டுக் கூடத்தத்தான். எல்லாரும் இருக்கற மாதிரி ஒரு படம். சுவர்ல மாட்டிப் பாக்கணும்னு வீட்ல ரொம்ப நாளா ஏங்கிக்கிட்டிருக்கா. சாதாரண லென்ஸ்னா முப்பது நாப்பது எடுக்கணுமாமே. இதுல நாலோட முடிஞ்சுடும்.”

“எல்லாரும்னா எத்தன பேரு?”

“ரெண்டு பசங்க, மருமகளுங்க, பேரப் பிள்ளைங்க.”

“இவ்வளவுதானா! ஒரு ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச்சொல்லி சோஃபாவுல நெருக்கி உக்கார வைங்க. உங்ககிட்ட இருக்கற லென்ஸ்லயே ஒரே க்ளிக். எதுக்கு சார் இந்தச் சுத்து வேலை? வேணும்னா நானே வந்து எடுத்துத் தரேன்.”

“வேணாம்மா, நானே எடுத்துக்கறேன்.” லென்ஸ் மூடியைக் கழற்றினார், மறுபடியும் போட்டார்.

பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டாள். தன் வித்தையைக் காட்ட, சொந்தப் பிள்ளைகளைப் பொழுது முழுக்கக் காக்க வைக்கப் போகிறார். பாவம் மருமகள்கள்.

அவர் லென்ஸை வாங்கிக்கொண்டு போனதும் பில் போடுகிறவன், “ரிட்டயராயிட்டா வீட்ல இருக்கறவங்க உயிரத்தான் எடுப்பாங்கபோல,” என்றான். அவள் மறுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கடை திறக்கும்போதே மெமரி கார்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எனக்கு ஒட்ட வரலம்மா. கொஞ்சம் ஒட்டிக் குடுக்கறியா? பெருசா பிரிண்ட் போடணும்.”

நான்கு படங்களையும் திறந்தாள். முதல் இரண்டில் வழுக்கை விழுந்த ஒருவர், அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அடுத்த இரண்டில் அதே மூக்கோடு இன்னொருவர், அவர் மனைவி, கைக்குழந்தை.

“நீங்க சொன்ன மாதிரியே காலைல பாதி, சாயங்காலம் பாதிதானா சார்?”

“ஆமாம்மா. காலைல வந்தது பெரியவன். அவன் கார் தெருமுனை தாண்டினப்புறம்தான் சின்னவன் வந்தான். ஒருத்தன் இருக்கற வீட்டு வாசப்படிய இன்னொருத்தன் மிதிக்க மாட்டான். பேச்சு நின்னு வருஷக்கணக்காச்சு.”

அவள் படங்களை ஒட்டும் பொத்தானை அழுத்தினாள்.

படங்கள் ஒன்றோடொன்று நகர்ந்து சேர்ந்தன. கொஞ்சம் வளைந்த ஒரு கூடம். அண்ணனும் தம்பியும் அதில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

அவள் ஒட்டு விழுந்த இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலையும் சாயங்காலமும் சேரும் ஒரு ஒட்டு, சாத்திய கதவின் மேல் ஓடியது. இன்னொன்று, மகன்கள் இருவருக்கும் நடுவே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் நடு முகத்தில்.

“அடடா! சேர்ற இடத்துல யாரும் இருக்கக் கூடாது சார். இத்தனூண்டு அசைஞ்சாலும் முகம் ரெண்டாயிடும்.”

“தள்ளி உக்காருன்னு நானும் எவ்வளவோ சொன்னேம்மா. ரெண்டு பேருக்கும் பக்கத்துல இருந்தாத்தான் ஆச்சுன்னுட்டா. முகம் கெட்டுப் போச்சா?”

அவள் இன்னும் பெரிதாக்கினாள். புடவை மடிப்பு பிசகவில்லை. கோத்த விரல்கள் பிரியவில்லை. பாதி காலையில் எடுத்தது, பாதி சாயங்காலம் எடுத்தது. சிரிப்பு மட்டும் ஒன்றாக இருந்தது.

“கெடவே இல்ல சார்! எப்படி அதே மாதிரி மறுபடியும் உக்கார வச்சீங்க?”

“மறுபடியும் எங்கம்மா உக்காந்தா? பெரியவன் வந்தப்ப உக்காந்தவ, சின்னவன் கிளம்பிப் போற வரைக்கும் அந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கவே இல்ல.”