கஹுவின் உதவித் திட்டம்

"'பெரிய சத்தம் ஆகாது. புதன்கிழமை எல்லோரும் ஹாலில் கூடும்போது கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், தாங்க முடியவில்லை என்று அர்த்தம். கதவோரமாக இடம் கொடுக்கவும்.'"

வாசித்துவிட்டு ஃபிலிப்பா தலையை ஆட்டினார். கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தவர். யாரோ ரொம்ப நாளாகப் பக்கத்திலேயே இருந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்று பாராட்டினார்.

ஹுஹானா எட்டி அந்தத் தாளைப் பார்த்தாள். ஏனென்றால் அதை அவள் எழுதவில்லை.

நியூசிலாந்தில், தொகொரோவா ஊரின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் ஹுஹானா ஆசிரியர் உதவியாளர். பிள்ளைகள் வாயில் ஹுஹானா ஃபையா; மாவோரி மொழியில் ஃபையா என்றால் அம்மா, டீச்சரம்மா. ஆறு வருஷமாக அவளுடைய வேலை முழுக்கக் கஹுதான். கஹுவுக்குப் பதினோரு வயது. கூட்டமும் கூச்சலும் ஆகாது, நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் கணினியில் தட்டச் சொன்னால் வகுப்பில் யாரும் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. இப்போதும் மேசைக் கோடியில் உட்கார்ந்து தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருஷத்துக்கு ஒரு முறை கஹுவுக்கு உதவித் திட்டம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எது கஷ்டம், அது எப்படித் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்று மூன்று கட்டம். எழுதிக்கொண்டிருந்த டீச்சர் வேலையை விட்டுப் போனதும் அது ஹுஹானாவின் தலையில் விழுந்தது. இன்றைக்குக் கொடுக்காவிட்டால், ஹுஹானா கஹுவோடு இருக்கக் கிடைக்கும் வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் என்பது எட்டாகிவிடும். மிச்ச நேரமெல்லாம் கஹு தனியாகக் கிடப்பாள். ஹுஹானா சூப்பர் மார்க்கெட்டில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கப் போவாள்.

எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்? மூன்று முறை பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாள். முதல் முறை, மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றார் தலைமை ஆசிரியர் டன்ஸ்டன். இரண்டாம் முறை, அது டீச்சர்களுக்கு மட்டும்தானாம். மூன்றாம் முறை பயிற்சி இந்தப் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. அன்றைக்கு அவளைச் சமையலறையில், வந்தவர்களுக்கு டீயோடு கொடுக்கிற ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ விட்டார்கள். மூன்று முறையும் அவள் சொன்னது "பரவாயில்ல" என்ற ஒரே வார்த்தைதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. விழித்தபோது கன்னத்தில் மேசை விளிம்பு பதிந்திருந்தது, படிவம் வெறுமையாகவே இருந்தது. அதை அப்படியே கோப்பில் வைத்தாள். உள்ளதைச் சொல்லி, ஒரு வாரம் தவணை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பு. வழக்கம்போலக் காலையிலிருந்தே கோப்பைத் தன்னிடம் வைத்திருந்து, கஹுதான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அதே கோப்பிலிருந்து, மூன்று கட்டமும் நிரம்பி, அச்செடுத்த தாள் வருகிறது. பள்ளிக்கூடத்தின் மானம் போகக் கூடாது என்று டன்ஸ்டன் எழுதிச் செருகியிருப்பாரோ என்று ஹுஹானா அவரைப் பார்த்தாள். அவரோ தாமே சொல்லிக் கொடுத்து எழுத வைத்ததுபோல அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

ஃபிலிப்பா தொடர்ந்தார்.

"'சாப்பாட்டு டப்பா பல நாள் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும். பதினைந்து நிமிஷமாவது யாரும் கூப்பிடாமல் விடவும்.'"

"ஆமாமா, நாங்களும் கவனிச்சிருக்கோம்" என்றார் டன்ஸ்டன். மதிய வேளையில் அந்தப் பக்கம் அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது.

"'பரவாயில்ல என்று சொன்னால் நம்ப வேண்டாம். அப்போதுதான் கஷ்டம் அதிகம். எல்லா முடிவையும் மற்றவர்கள்தான் எடுக்கிறார்கள். என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும்.'"

ஃபிலிப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவையும் உள்ளேயே வெச்சிட்டு ஒருத்தர் தினம் ஸ்கூலுக்கு வந்துட்டிருந்திருக்காங்க. தனியா விட்டது நம்ம தப்புதான். என்னென்ன உதவி வேணுமோ அத்தனையும் இன்னைக்கே எழுதிடறேன்." தாளை ஹுஹானா பக்கம் நகர்த்தி, மேலே பேனாவையும் வைத்தார். "பேர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் விட்டுட்டீங்க. நீங்கதானே எழுதினது?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருபத்தைந்து மணி நேரமும் தப்பிவிடும். ஆனால் பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டாமா? ஹுஹானாவிடம் அதுவும் மிச்சமில்லை.

"நான் எழுதல" என்றாள். "எனக்கு எழுதத் தெரியல. வெறும் படிவத்தைத்தான் வெச்சேன்."

ஃபிலிப்பா டன்ஸ்டன் பக்கம் திரும்பினார். தானும் இல்லை என்று அவர் முனகிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். யார் எழுதியது என்று தெரியாத தாளுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று ஃபிலிப்பா தயங்கினார். அதைக் கோப்புக்குள் திரும்ப வைக்கப் போனார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கஹு எழுந்து வந்தாள். ஆறு வருஷமாக இதே மேசையில் தன்னைப் பற்றிப் பெரியவர்கள் எழுதி வாசித்த திட்டங்களைக் கேட்டுக் கேட்டு, மூன்று கட்டமும் அவளுக்கு மனப்பாடம். ஃபிலிப்பாவின் கையிலிருந்து தாளை வாங்கினாள். பேனாவை எடுத்து, காலியாக இருந்த இடத்தில் நிதானமாகத் தன் பேரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, ஹுஹானாவின் தோள்மேல் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இது எனக்கு இல்ல, ஹுஹானா ஃபையாவுக்கு."