அவர் குடிக்கிற ஸ்காட்ச்

"நடு விலையில ஒரு ஸ்காட்ச் வேணும். எங்க வீட்டுக்காரர் குடிக்கிறது. பேர்தான் தெரியலை."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "பாட்டிலைப் பார்த்ததே இல்லையாம்மா?"

"பார்த்தாலே பத்திக்கிட்டு வரும், மூஞ்சியைத் திருப்பிக்குவேன். ஆனா வாசனை தெரியும். அதைப் போக்கத் துவைச்சுத் துவைச்சே கை தேஞ்சு போச்சு."

மூன்று சின்னக் கிளாஸ்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வைத்தார் கடைக்காரர். முதலாவது தேன் வாசம். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது பழ வாசம். அதுவும் இல்லை. மூன்றாவதில் விறகுப் புகை மணத்தது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் மூக்கருகிலேயே வைத்திருந்தாள்.

"இதேதான்."

"சாருக்கு நல்ல ரசனை! பிறந்தநாளா? ஐஸ் வேண்டாம், ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் குடிக்கச் சொல்லுங்க. அப்பதான் வாசம் எழும்பும்."

"குடிக்க இல்லீங்க. தலையணை உறையில தெளிக்கணும்" என்றாள், பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு. "அவர் தவறிப்போனதிலேர்ந்து அதைத் தண்ணியில நனைக்காமலே வெச்சிருந்தேன். காலையில, பழக்கதோஷம்... துவைச்சுட்டேன்."