மெயிலுக்குப் போட்ட பூட்டு

“நான் ஆருன்னு அந்த சுயம்புவுக்குத் தெரியாதா? ஒரே பெஞ்சில இருந்து படிச்சவன் நான். என்கிட்டயே ஆளுன்னு காட்டச் சொல்லுதான்.”

சுந்தரதாஸ் போனில் கத்தினார். மறுமுனையில் கள்ளிக்காட்டு ராஜன்.

விஷயம் இதுதான். பாறசாலை சுற்றுவட்டார ரப்பர் விவசாயிகளுக்கு ஒரு மெயில் குழு உண்டு. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். அதற்கு அட்மின் சுந்தரதாஸ். கொஞ்ச நாளாக, யார் என்ன எழுதினாலும் அம்பூரி சுயம்புவின் மெயிலிலிருந்து எழுதினவருக்குச் சுடச்சுட ஒரு பதில் வந்துவிடும்.

‘உங்களை எனக்குத் தெரியாது. கீழே அழுத்தி, அங்கே காணும் எழுத்துகளை டைப் செய்து ஆளென்று காட்டினால்தான் உங்கள் கடிதம் என்னிடம் வரும்.’

வேண்டாத மெயில்களைத் தடுக்க ஏதோ ஒரு கம்பெனிக்காரன் கொடுக்கிற பூட்டு.

“இலை உதிருது, என்ன மருந்து அடிக்கன்னு கேட்டேன் சாரே,” என்றார் ராஜன். “மருந்து சொல்ல ஒருத்தரும் வரும் முன்னே இது வந்து நிக்குது. மனுஷனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? பேரை வெட்டி விடும்.”

“வெட்டத்தான் போறேன். நேரில ஒரு வார்த்தை சொல்லிட்டு வெட்டுதேன். மெயில் போட்டா திரும்பவும் ஆருன்னு கேக்கும்.”

போனை வைத்துவிட்டு வழக்கமான காலை வேலையைப் பார்த்தார். குழுவில் சேராதவர்கள் எழுதினால் அது அட்மினின் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கும். எல்லாம் லாட்டரி, கடன், மாத்திரை. எதையும் திறக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மொத்தமாக டிக் போட்டு அழித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அம்பூரியில் சுயம்பு முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“வாரும் ஓய். சாயா போடட்டா?”

“சாயா கிடக்கட்டும். உமக்க மெயிலுக்கு எதுக்கு ஓய் பூட்டு? அதை எடுக்கணும். இல்லேன்னா உம்மை குழுவில இருந்து எடுக்கணும்.”

சுயம்பு கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

“அனூஜுக்காகவாக்கும்.”

சுந்தரதாஸுக்குத் தெரிந்த கதைதான். அனூஜ் சுயம்புவின் ஒரே மகன். தகப்பனுக்குப் பிடிக்காத இடத்தில் ஜிஷாவைக் கட்டினான். ‘உன்னை எனக்குத் தெரியாது, இறங்கிப் போலே’ என்று இதே முற்றத்தில் நின்று சொன்னார் சுயம்பு. போன் நம்பரையும் மாற்றினார். மனைவி ஓமனா இறந்து, வீட்டில் ஒற்றையாக ஆன பிறகுதான் அந்தக் கோபம் அவரை விட்டது.

“அவனுக்குத் தெரிஞ்சது எனக்க மெயில் ஒண்ணுதான். அவனே உண்டாக்கித் தந்தது. உம்ம குழுவில சேர்த்ததும் அவன்தான். திறந்தா ஒரே குப்பை ஓய். அதுக்குள்ள அவன் எழுதினது கண்ணில படாம போயிருமோன்னு பயம். பாறசாலையில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க ஜெனில்தான் பூட்டு போட்டுத் தந்தான். தானா போற பதிலில என்ன எழுதணும்னு கேட்டான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அனூஜுக்க அட்ரஸுக்கு மட்டும் பூட்டு கிடையாது. நேரா வரும்.”

“வந்துதா?”

சுயம்பு தலையாட்டினார். வரவில்லை.

“பூட்டை வேணும்னா எடுத்திருதேன். குழுவில இருந்து மட்டும் எடுக்காதயும். அவன் என்னைத் தேடினா அங்கதான் தேடுவான்.”

சுந்தரதாஸ் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “பூட்டு கிடக்கட்டும் ஓய். கேக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லுதேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சுயம்புவின் மெயில் கேட்ட எழுத்துகளை டைப் செய்து தன்னை ஆளென்று காட்டினார். அரை நிமிஷ வேலை. இதற்கா இத்தனை சத்தம் போட்டோம் என்று வெட்கமாக இருந்தது.

லேப்டாப்பை மூடப்போனவருக்குச் சுயம்பு சொன்னது மனசில் வந்தது. தேடினா அங்கதான் தேடுவான்.

அழித்ததெல்லாம் போய்க் கிடக்கும் குப்பைக் கூடையைத் திறந்தார். லாட்டரி, கடன், கடன், மாத்திரை. நடுவில் ஒரு பெயர். அனூஜ் சுயம்பு.

‘சுந்தரதாஸ் மாமா, கம்பெனி மாறியதில் என் பழைய மெயில் போய்விட்டது. புது அட்ரஸிலிருந்து அப்பாவுக்கு எழுதினேன். உங்களை எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. அது தானாக வருவதுதான், அழுத்துங்கள் என்கிறாள் ஜிஷா. அன்றைக்கு முற்றத்தில் அப்பா சொன்ன அதே வார்த்தை மாமா. அழுத்தக் கை வரவில்லை, அதனால் குழு வழியாக உங்களுக்கு எழுதுகிறேன். எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். அம்மா பேரைத்தான் போட்டிருக்கிறோம். அப்பாவிடம் சொல்லுங்கள்.’

போன மாதம் வந்தது. அதற்கு மேலே இன்னொன்று கிடந்தது. அன்று காலையில் அழித்தது.

‘நீங்களும் பதில் போடவில்லை. அப்பா வேண்டாமென்று சொல்லியிருப்பார். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன் மாமா.’

சுந்தரதாஸ் இரண்டையும் அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பவும் அம்பூரிக்கு ஸ்கூட்டரை விட்டார். சுயம்புவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்.

“ஆரது?” என்று உள்ளே இருந்து கேட்டார் சுயம்பு.

“ஆளுதான் ஓய், கதவைத் திறயும். அனூஜ் எழுதியிருக்கான், நான்தான் பாக்காம அழிச்சிட்டேன்,” என்றார் சுந்தரதாஸ்.