ஒரே வகுப்பு

"இந்த வயதில ரெயிலேறிப் போய், பொடியளோட ஒரே வகுப்பில இருக்கிறதோ? வெள்ளவத்தை முழுக்கக் கதைக்கும்!" சிவமணி முகத்தைச் சுளித்தாள்.

"கதைக்கட்டும்," என்றாள் கனகேஸ்வரி. "பெட்டையளை யூனிவர்சிட்டி கொலிஜுக்கு அனுப்புங்கோ எண்டு பாமன்கடையிலும் தெஹிவளையிலும் வீடு வீடாய்க் கேட்ட குடும்பம் இது. எங்கட வீட்டில எனக்கு மட்டும் ஏலாதோ?"

"ஊருக்குச் சொல்லுறது வேற."

"மற்றிக்குலேஷனும் பாஸ் பண்ணியாச்சு. இன்னும் எத்தினை வருஷம் பாத்திருக்கிறது?" கனகேஸ்வரியின் கண்கள் நிறைந்தன.

சிவமணி இளகிப்போனாள். அருகில் வந்து அவள் கண்களைத் துடைத்துவிட்டாள்.

"சரி, அழாதேங்கோ. என்னையும் அங்க சேர்த்துவிட்டது நீங்கள்தானே. நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போவம். ஆனால் வகுப்பில எல்லாருக்கும் முன்னால என்னைச் செல்லமாய்க் 'குஞ்சு' எண்டு கூப்பிடாமல் இருப்பீங்களோ, அம்மா?"