பாழாய்ப்போன படிக்கட்டு

“அந்தப் படிக்கட்ட இடிச்சுத் தரைமட்டமாக்காம நான் விடப் போறதில்ல!”

எலும்பு டாக்டரம்மா மேசையில் ஓங்கி அறைந்ததில் எதிரே இருந்த டீ கோப்பை துள்ளியது. ஆஸ்பத்திரியில் அவருக்குப் ‘பட்டாசு’ என்று பட்டப்பெயர். இன்றைக்குத் திரி ரொம்பவே சின்னது.

கோபம் வராமல் என்ன செய்யும்? ஏழு வயதுப் பெண் குழந்தை, அதுவும் தாயில்லாத பிள்ளை. போன மழைக்காலத்தில் தோள்பட்டை எலும்பு விரிசல், அப்புறம் உதட்டில் தையல், இப்போது வலது கையில் மாவுக்கட்டு. மூன்று தடவையும் ஒரே காரணம்தான். வீட்டு மாடிப்படியில் சறுக்கி விழுந்துவிட்டாள்.

ஒரு குழந்தை அடிக்கடி அடிபட்டு வந்தால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ், கட்டடத் துறை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று அரசாங்கம் புதிதாக உத்தரவு போட்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு ஆபீசும் அடுத்த ஆபீசைக் கை காட்டிவிட்டு நைசாகக் கழன்றுகொள்ளும். இந்த ஊரில் இதுதான் முதல் கூட்டம்.

கூடிப் பேசி என்ன கிழிக்கப் போகிறார்கள் என்றுதான் டாக்டரம்மாவும் நினைத்தார். ஆனாலும் அந்தப் படிக்கட்டைச் சும்மா விட மனசில்லை. கட்டடத் துறை இன்ஜினியருக்கு அவரே போன் போட்டு, வீட்டு விலாசத்தையும் கொடுத்து, வந்தே ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்த மகானைத்தான் இன்னும் காணோம்.

மூலை நாற்காலியில் குழந்தையின் அப்பா ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் மகளின் குட்டிச் செருப்பு. இன்று டிஸ்சார்ஜ், கூட்டம் முடிந்ததும் வார்டிலிருந்து கூட்டிப் போக வேண்டியதுதான்.

“எனக்கு எதுக்கும்மா வம்பு? வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவாரு. நான் பாப்பாவக் கூட்டிட்டுக் கிளம்பறேனே,” என்று கும்பிட்டார்.

“உக்காருங்க! உங்கள மாதிரி வாயில்லாப் பூச்சிங்க இருக்கிறதாலதான் அவனுங்க இந்த ஆட்டம் ஆடுறானுங்க. இன்ஜினியர் வரட்டும், உங்க முகத்தப் பாத்துப் பதில் சொல்லட்டும்.”

அவர் உட்கார்ந்தார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடிவந்த மனிதர் அவர். பார்க்கப் பார்க்க டாக்டரம்மாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

போலீஸ் சார்பில் வந்திருந்த இன்ஸ்பெக்டர், குழந்தையின் அப்பா பக்கம் திரும்பினார். “எந்தப் படியில விழுந்துச்சு?”

“மூணாவது படிங்க. ஒரே வழுக்கல். பிடிச்சுக்கக் கைப்பிடிகூடக் கெடையாது.”

“கேட்டீங்களா? கைப்பிடியே கெடையாதாம்! ஆளுங்க இருக்கிற வீடா, இல்ல எலிப்பொறியா?”

வகுப்பு டீச்சர் மெதுவாக வாயைத் திறந்தார். “டாக்டர், ஒண்ணு சொல்லணும். அவ ஸ்கூல்ல சேர்ந்த புதுசுல இன்டர்வல் விட்டா எங்க மாடிப்படியிலதான் இருப்பா. ஊஞ்சல் கெடச்ச மாதிரி ஏறி ஏறி இறங்குவா. எனக்கு அப்பவே ஒரு மாதிரி...”

“அங்க விழல, இல்ல? அதத்தானே நானும் தொண்டை கிழியச் சொல்றேன்! உங்களது ஒழுங்கா கட்டின படி. அந்த வீட்டுல இருக்கிறது படியா? பாடை!”

பட்டாசு வெடிக்கும்போது யார் பேசி யார் காதில் விழப் போகிறது?

கதவு திறந்தது. ஒரு கையில் ஹெல்மெட்டும் இன்னொரு கையில் அளக்கும் டேப்புமாக இன்ஜினியர் வந்து நின்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“வாங்க சார், வாங்க! தூங்கி எந்திரிச்சு வர்றீங்களா?” டாக்டரம்மா எழுந்தே விட்டார். “அந்தக் கொழந்த இன்னைக்கு மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போகணும். இனி விழுந்தா மண்டைதான். அத என்னால ஒட்ட வைக்க முடியாது. அந்தப் பக்கம் எட்டியாவது பாத்தீங்களா?”

“பாத்துட்டுத்தான் வர்றேன் டாக்டர். அதான் லேட்டு. முன்னாடி, பின்னாடி, உள்ள, எல்லாம் பாத்தாச்சு. விலாசம் சரிதானான்னு அக்கம்பக்கத்துலயும் கேட்டுட்டேன்.”

“பாத்துமா சும்மா வந்து நிக்கிறீங்க? மனுசனா நீங்க? இடிக்கச் சொல்லி உத்தரவு போடக் கை வரலியா?”

இன்ஜினியருக்குக் கோபம் வரவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தார். குட்டிச் செருப்பை மடியில் வைத்திருந்தவரிடம் வந்ததும் அவர் பார்வை அங்கேயே நின்றுவிட்டது. ஒரு செருப்பு நழுவித் தரையில் விழுந்தது. அப்பா அதை எடுக்கக் குனியவில்லை.

“எத இடிக்கச் சொல்றீங்க டாக்டர்? அந்த வீட்டுல படியே கெடையாதே!”